கரையை வெட்டியவர் யார்? – வங்கக் கழிமுகமும் தகவமைப்புக் கொள்கையும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பத்தாண்டுக் காலம் ஓர் இலக்கிய வட்டம் திங்கள்தோறும் தவறாமல் கூடிவருவது எளிய செயலன்று. அரங்கு நிறைந்த நாள்களும் உண்டு. அடைமழை நாளொன்றில், வாசித்த கவிஞரையும் சேர்த்து ஐவர் மட்டுமே அமர்ந்து ஒரு நெடுங்கவிதையை இறுதிவரை கேட்ட நாளும் உண்டு. அந்த ஐவருள் நானும் ஒருவன் என்பதே இம்மேடையில் நிற்க எனக்குள்ள தகுதி. மற்றபடி நான் கவிஞனல்லன். பாசனத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கரை, மதகு, வண்டல் ஆகியவற்றோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன்.

அமைப்பாளர்கள் எனக்கு இட்ட தலைப்பு "காலநிலை மாற்றத் தகவமைப்புக் கொள்கையின் சமூக, அரசியல் கூறுகள்" என்பது. தலைப்பு அறிவிக்கப்பட்டபோது அரங்கில் இருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததைக் கண்டேன். அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நான் பேசப்போவது ஒரு வாக்கியத்தின் எழுவாயைப் பற்றித்தான்.

சில ஆண்டுகளாக நம் கூட்டங்களில் சூழலியல் கவிதைகள் மிகுதியாக வாசிக்கப்படுகின்றன. வரவேற்க வேண்டிய மாற்றம் அது. ஆயினும் அவற்றுள் பலவற்றில் ஒரே வாக்கியம் வெவ்வேறு கோலத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. கடல் நிலத்தை விழுங்குகிறது. அலை ஊரைத் தின்கிறது. உப்பு வயலை எரிக்கிறது. எழுவாய் எப்போதும் கடல், இல்லையேல் வானம். மனிதர் செயப்படுபொருளாக மட்டுமே வருகின்றனர். கவிதையில் இதனால் பெருங்கேடு எதுவும் விளைவதில்லை. ஆனால் இதே வாக்கியம் அரசின் திட்ட ஆவணங்களிலும், கடன் கொடுக்கும் வங்கிகளின் அறிக்கைகளிலும் இடம்பெறுகிறது. அங்கே அதன் விளைவு வேறு. எழுவாய் கடலானால் எவர்மீதும் வழக்கில்லை. எவரும் இழப்பீடு தர வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் தம்மை மாற்றிக்கொள்வது ஒன்றே எஞ்சிய வழியாகிவிடுகிறது.

அந்த மாற்றிக்கொள்ளுதலுக்கு நாம் வைத்துள்ள சொல்தான் தகவமைப்பு. பள்ளி உயிரியல் நூலில் ஒட்டகத்தையும் சப்பாத்திக் கள்ளியையும் சான்றாகக் காட்டி நமக்குக் கற்பித்த சொல். இலக்கணம் அறிந்தவர் பலர் இங்கிருக்கிறீர்கள். எனவே ஒன்றைச் சொல்ல விழைகிறேன். அமைதல் தன்வினை, அதிலிருந்து வரும் பெயர் அமைவு. அமைத்தல் பிறவினை, அதன் பெயர் அமைப்பு. அவ்வாறாயின் ஒட்டகம் பாலைக்குப் பொருந்தி நிற்பது தகவமைவு. ஓர் அரசு கரை கட்டுவதும், மதகை மூடுவதும், ஊரைப் பெயர்த்து வேறிடத்தில் குடியேற்றுவதும் தகவமைப்பு. நாமோ இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். ஒருவர் தாமே செய்துகொள்வதும் அவர்மீது பிறர் செய்வதும் ஒரே பெயரால் வழங்குமிடத்தில், செய்தவர் மறைந்துகொள்வது எளிது. கொள்கை என்பது பெரும்பாலும் இந்த மறைவிடத்தில்தான் இயங்குகிறது.

இதை விளக்க வங்காள தேசத்தின் தென்மேற்குக் கழிமுகத்தை எடுத்துக்கொள்கிறேன். தகவமைப்பு பற்றி உலகில் எங்கே பேசினாலும் முதலில் சுட்டப்படும் நாடு அது. உலகம் வெளியிடும் பசுங்குடில் வளிகளில் நூற்றில் ஒரு பங்குகூட அந்நாட்டினுடையதன்று. ஆனால் கடல் உயரும் என்றால் எல்லோரும் காட்டும் படம் அந்நாட்டினுடையது. இடுப்பளவு நீரில் குடத்தோடு நிற்கும் பெண்ணின் படம், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் சுமந்து வந்த வண்டலால் ஆன நிலம் அது. குல்னா, ஜசோர், சாத்கீரா மாவட்டங்களில் நாள்தோறும் இருமுறை ஓதம் ஆறுகளின் வழியே உள்நாட்டுக்குள் ஏறி இறங்குகிறது. கழிமுக நிலம் தன் எடையால் தானே சிறிது சிறிதாக அமிழும். ஓத நீர் கொணரும் வண்டல் அதைச் சிறிது சிறிதாக உயர்த்தும். இவ்விரண்டுக்கும் இடையிலான சமநிலையே அந்நாட்டின் நிலம். நிலம் என்பதைவிட நிகழ்ச்சி என்றுகூடச் சொல்லலாம்.

இதை அறிந்தே அங்கத்திய உழவர் ஒரு வகைக் கரையைக் கட்டினர். வங்கமொழியில் அதற்கு அஷ்டமாசி பாந்த் என்று பெயர். எட்டு மாதக் கரை. ஆற்றில் உவர்நீர் ஏறும் எட்டு மாதங்களுக்குத் தாழ்வான மண்கரையும் மரமதகும் இட்டு வயலைக் காப்பார்கள். மழைக்காலத்தில் ஆறு நன்னீராய்ப் பெருகும்போது கரையைத் திறந்து, வண்டலை வயலுக்குள் விடுவார்கள். ஆண்டுதோறும் கட்டி, ஆண்டுதோறும் கலைக்கும் கரை. பொறியாளர் எவரும் இதைத் தரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்; ஒரு கட்டுமானத்தின் சிறப்பு நிலைத்து நிற்பது என்றே எங்களுக்குக் கற்பித்தார்கள்.

இதைக் கேட்டவுடன் பழமை போற்றும் உணர்வு சிலர்க்கு எழலாம். சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன். அந்தக் கரைகளைக் கட்டுவித்தவர் ஜமீந்தார்கள். கட்டியவர் அவர்தம் குடிகள். நம் குடிமராமத்தை எண்ணிப் பாருங்கள். ஏரிக்கரை உடையும் நிலையில் அக்கம்பக்கத்து உழைப்பாளி வகுப்பினரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க வழிசெய்து 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அழைக்கப்பட்டவர் யார், அழைக்கப்படாதவர் யார் என்பதை அச்சட்டத்தின் சொல்லே காட்டிவிடுகிறது. ஊர்கூடிக் கரை காத்தது என்று நாம் எழுதும்போது "ஊர்" என்ற எழுவாயையும் சற்றுத் தட்டிப் பார்த்தல் நலம்.

1950இல் கிழக்கு வங்கத்தில் ஜமீன்தாரி முறை ஒழிக்கப்பட்டது. எட்டு மாதக் கரைகளைப் பேணுவார் இல்லாமற் போயிற்று. அவ்விடத்தை நிரப்ப 1960களில் கடலோரக் கரைத் திட்டம் வந்தது. டச்சுக்காரர்களின் முறையைப் பின்பற்றி, ஆறுகளுக்கிடையே உள்ள தீவு நிலங்களைச் சுற்றி நிலையான உயர்ந்த கரை எழுப்பி, இடையிடையே மதகு வைத்தனர். இவ்வாறு வளைக்கப்பட்ட நிலத்துக்குப் போல்டர் என்று பெயர். அமெரிக்க நிதியுதவியுடன் பாகிஸ்தான் அரசு தொடங்கிய வேலை, பின்னர் வங்காள தேச ஆட்சியிலும் தொடர்ந்து, 139 போல்டர்களாகவும் ஏறத்தாழ 12 லட்சம் ஹெக்டேர் நிலமாகவும் விரிந்தது. உவர்நீர் நின்றது, நெல் பெருகியது. முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அத்திட்டத்தைக் குறைகூற எவருக்கும் காரணமிருக்கவில்லை.

பிறகு நடந்தது, வண்டலை மறந்ததன் விளைவு. வயலுக்குள் செல்ல வழியில்லாத வண்டல் ஆற்றிலேயே படிந்தது. ஆற்றுப் படுகை உயர்ந்தது; கரைக்குள்ளிருந்த நிலமோ வண்டல் பெறாமல் தாழ்ந்தது. சில ஆண்டுகளில் மதகுக்கு வெளியே ஆறு மேடாகவும் உள்ளே வயல் பள்ளமாகவும் ஆயின. பெய்த மழை வடிய வழியில்லை. 1980களில் ஜசோர், குல்னா பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் ஆண்டு முழுதும் நீர் தேங்கிக் கிடந்தது. இறந்தவரை அடக்கவும் மேடு இல்லாத நிலை. கடல் விழுங்கவில்லை. கடலைத் தடுக்கக் கட்டிய கரைதான் உள்ளிருந்த மழைநீரை வெளியேற விடாமல் மூழ்கடித்தது.

மக்கள் மனுக் கொடுத்தார்கள். ஊர்வலம் போனார்கள். இறுதியில், 1990இல், டக்கத்தியா பில் என்னுமிடத்தில் மண்வெட்டியோடு திரண்டு அரசின் கரையை வெட்டினார்கள். பில் என்பது வங்கத்தில் ஆழமற்ற இயற்கைத் தாழ்நிலத்தைக் குறிக்கும் சொல். சட்டத்தின் பார்வையில் அது குற்றம். விளைவும் முழு வெற்றியன்று. நீர் வடிந்தது, ஆனால் உவர்நீரும் உடன் புகுந்தது. 1997இல் பாய்னா பில்லில் மீண்டும் வெட்டினார்கள். 600 ஹெக்டேர் அளவுள்ள அத்தாழ்நிலத்துக்குள் ஹரி ஆற்றின் ஓதம் நான்காண்டுகள் தடையின்றி ஏறி இறங்கியது. ஏறும்போது வண்டலைக் கொண்டுவந்து வயலில் இட்டது. இறங்கும்போது ஆற்றின் படுகையை அரித்து ஆழமாக்கியது. 2001இல் வாயை அடைத்தபோது, வெட்டுவாய்க்கு அருகில் நிலம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தது. ஆறு மீண்டும் ஆறாயிற்று.

இதே காலத்தில் அப்பகுதியின் வடிகாலைச் சீர்செய்ய ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு ஒரு பெருந்திட்டம் நடந்துகொண்டிருந்தது. அதன் முதல் எண்ணம் மேலும் மதகுகள் கட்டுவது. உழவர்கள் செய்ததை நிபுணர்கள் அளந்து பார்த்தனர். மதகைவிட வெட்டு பயன்தருகிறது என்று கண்டனர். குற்றமாக இருந்த செயல் திட்டத்தின் பகுதியாயிற்று. "ஓத ஆற்று மேலாண்மை" என்று ஆங்கிலத்தில் அதற்குப் பெயரும் சூட்டினர். இன்று உலக மாநாடுகளில் வங்காள தேசத்தின் உள்ளூர் அறிவுக்குச் சான்றாக அதைக் காட்டுகிறார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இங்கே பேச வந்திருக்க மாட்டேன். 2006இல் குக்சியா பில்லில் அரசே இம்முறையைத் தொடங்கியது. ஓதத்துக்குத் திறந்துவிட்ட நிலத்தில் ஆண்டுக்கணக்கில் பயிரிட முடியாது. அதற்கு இழப்பீடு உண்டு என்றார்கள். இழப்பீடு பெற நிலப்பத்திரம் வேண்டும். பாட்டன் பெயரில் உள்ள நிலம், உடன்பிறந்தார் நால்வரும் வாய்மொழியாகப் பங்கிட்டுக்கொண்ட நிலம், அலுவலகத்துக்குப் பலமுறை அலைந்தாலும் கைவராத நகல் என்று ஒவ்வொன்றும் தடையாயிற்று. நிலமே இல்லாத வாரக்குடிக்கும், நாற்று நட்டுப் பிழைக்கும் கூலிப் பெண்ணுக்கும் அக்கணக்கில் இடமே இல்லை. குறித்த காலத்தைக் கடந்தும் வேலை நீண்டது. இதையெல்லாம் பார்த்திருந்த பக்கத்துக் கபாலியா பில்லின் மக்கள், தம் நிலத்தின் முறை வந்தபோது மறுத்தார்கள். 2012இல் அங்கே மோதல் மூண்டு திட்டம் நின்றது.

வெட்டு ஒன்றே, ஓதம் ஒன்றே, வண்டலும் ஒன்றே. 1997இல் மக்கள் தாமே வெட்டினார்கள். 2012இல் வெட்டக்கூடாதென்று போரிட்டார்கள். நீரியல் இவ்வேறுபாட்டை விளக்காது. யார் முடிவு செய்தார்கள், எத்தனை ஆண்டு என்று யார் கணக்கிட்டார்கள், அந்த ஆண்டுகளில் யார் வீட்டில் அடுப்பு எரியாது என்பனவே விளக்கும். தகவமைவு தகவமைப்பாக மாறிய இடம் இதுவென்பேன்.

இனி இறாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1980களில் ஏற்றுமதி வருவாய்க்காகக் கருவரி இறால் வளர்ப்பை அரசும் பன்னாட்டு நிதி நிறுவனங்களும் ஊக்குவித்தன. இறாலுக்கு உவர்நீர் வேண்டும். உவர்நீரைத் தடுக்க மக்கள் வரிப்பணத்திலும் வெளிநாட்டுக் கடனிலும் கட்டிய அதே கரையில் குழாய் பதித்து, மதகைத் திறந்து, வெளியூர்ச் செல்வர்கள் உவர்நீரை உள்ளே விட்டனர். ஒருவர் நிலத்தில் புகுந்த உவர்நீர் வரப்பில் நிற்பதில்லை. அடுத்தவர் நெல்லும் கெடும். அவரும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான். நெல்லுக்கு நூறு கை வேண்டும்; இறாலுக்கு இரண்டு காவற்காரர் போதும். மேய்ச்சல் போயிற்று, மாடு போயிற்று, மா பலா மரங்கள் பட்டன, குடிநீர்க் குளம் உவர்த்தது. நல்ல தண்ணீருக்கு நெடுந்தொலைவு நடப்பவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மதகைத் திறந்து மூடும் கலாசி என்னும் ஊழியர் பணியிடங்களையும் பின்னர் அரசு நீக்கிவிட்டது. மதகின் பொறுப்பு எவர் கைக்குப் போயிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

குல்னா மாவட்டம் பைக்காச்சா வட்டாரத்தில் 22ஆம் எண் போல்டர் இருக்கிறது. அங்கும் இறால் பண்ணை அமைக்க ஆள்படையோடு வந்தார்கள். 1990 நவம்பர் 7 அன்று நிலமற்ற மக்கள் ஹரின்கோலா என்னுமிடத்தில் ஊர்வலமாகத் திரண்டு தடுத்தனர். முன்னணியில் நடந்தவர் கருணாமயி சர்தார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அந்தப் போல்டருக்குள் இறால் பண்ணை வரவில்லை. சுற்றிலும் உவர்நீர்க் குட்டைகள் பளபளக்க, நடுவே அந்த ஒரு தீவு நெல்லும் காய்கறியும் விளைத்து நின்றது. ஆண்டுதோறும் நவம்பர் 7 அன்று அவருடைய நினைவிடத்தில் மக்கள் கூடிப் பாடுகிறார்கள்.

கவிஞர்கள் இவ்விடத்தில் என்னோடு சற்று நிற்க வேண்டுகிறேன். 22ஆம் போல்டரைச் சூழ்ந்த கடல் வேறு கடலன்று. அதே மட்டம், அதே உவர்ப்பு, அதே புயல். "உப்பு வயலை எரிக்கிறது" என்ற வாக்கியம் அக்கரைக்கு மெய்யாகவும் இக்கரைக்குப் பொய்யாகவும் இருப்பானேன்? அக்கரையில் உப்புக்கு வாயில் திறந்துவிட்டவர் இருந்தார். இக்கரையில் அவரைத் தடுத்தவர் இருந்தார்.

கடல்மட்டம் உயர்வது பொய்யென்று நான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. 1900க்குப் பின் உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, உயரும் வேகமும் கூடிவருகிறது. வருங்காலத்தில் அது பெருந்துன்பம் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அளவுகளை அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 2009 மே 25 அன்று ஐலா புயல் 32ஆம் எண் போல்டரின் கரையைப் பல இடங்களில் உடைத்தது. உடைந்த வழியே ஓதம் நாள்தோறும் இருமுறை ஊருக்குள் வந்துபோயிற்று. ஏறத்தாழ இரண்டாண்டுகள் மக்கள் கரைமீதே குடிசையிட்டு வாழ்ந்தனர். உலக இதழ்கள் காலநிலை அகதிகள் என்று எழுதின. பின்னர் வேண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நிலத்தின் உயரத்தை அளந்து 2015இல் முடிவை வெளியிட்டனர். கரை கட்டிய அரை நூற்றாண்டில் அந்தத் தீவு, கரையில்லாத பக்கத்துச் சுந்தரவனக் காட்டைவிட 1 முதல் 1.5 மீட்டர் வரை தாழ்ந்துபோயிருந்தது. காடு வண்டல் பெற்றுக் கடலோடு ஒத்து உயர்ந்திருந்தது. உடைப்பு வழியே வந்த ஓதம், ஊரை வாட்டிய அந்த இரண்டாண்டில், ஏறத்தாழ ஓரடி வண்டலையும் நிலத்தில் இட்டுச் சென்றிருந்தது.

ஒருபுறம் நூற்றாண்டுக்கு மேலாகக் கடல் உயர்ந்த 20 செ.மீ.; மறுபுறம் அரை நூற்றாண்டில் கரை தாழ்த்திய ஒரு மீட்டருக்கு மேல். இவ்விரண்டையும் சேர்த்துக் "கடல் விழுங்கியது" என்று எழுதினால் பெரிய பகுதி சிறிய பகுதியின் பின்னே ஒளிந்துகொள்கிறது. கமீலியா திவான் என்னும் ஆய்வாளர் இக்கழிமுகம் பற்றி 2021இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே "தவறாக வாசித்தல்" என்ற பொருள் அமைந்திருப்பது நம் வட்டத்தாருக்குச் சுவையாக இருக்கும். நிதி வேண்டித் திட்டம் எழுதுவோர், எல்லாத் துன்பத்தையும் காலநிலை என்ற ஒரு சொல்லில் அடக்கினால்தான் பணம் வருகிறது என்பதால் அவ்வாறே எழுதுகிறார்கள். அதனால் பழைய கரையை மேலும் உயர்த்துவதே தகவமைப்பாகிவிடுகிறது என்று அவர் காட்டுகிறார். 2013இல் கரைகளை உயர்த்த உலக வங்கி 40 கோடி டாலர் வழங்க இசைந்தது இப்பின்னணியில் நோக்கத்தக்கது. 2021இலேயே வெளிவந்த மற்றொரு நூலில் காஸியா பாப்ராக்கி இன்னும் கசப்பான செய்தியைச் சொல்கிறார். உவர்ப்பு தவிர்க்க முடியாதது என்று முதலில் முடிவுகட்டி, ஆகவே இறால் வளர்ப்பதும் உழவர் நகரத்துக்குப் பெயர்வதும் நல்ல தகவமைப்பு என்று கொள்கை வகுக்கப்படுகிறது. 22ஆம் போல்டரில் துப்பாக்கியால் வர முடியாத இறால், இப்போது தகவமைப்பு என்ற பெயரில் வரப்பார்க்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். வாழ இயலாத நிலம் என்று ஒரு பகுதியைக் கவிதையும் அறிக்கையும் சேர்ந்து அறிவித்துவிட்டால், அங்கே வாழ்ந்துகொண்டிருப்பவரின் குரலுக்கு என்ன மதிப்பிருக்கும்?

அரசு செய்வதெல்லாம் தீது என்று சொல்வதும் எளிய வழி, அதுவும் உண்மையன்று. 1970 நவம்பரில் போலாப் புயலில் 3 லட்சம் முதல் 5 லட்சம் பேர் மாண்டனர். பாகிஸ்தான் ஆட்சியாளரின் அசட்டை கிழக்கு வங்க மக்களின் உள்ளத்தில் இட்ட தீ, அடுத்த மாதத் தேர்தலிலும் அதன்பின் விடுதலைப் போரிலும் வெளிப்பட்டது. 1972இல் செஞ்சிலுவைச் சங்கத்தோடு இணைந்து புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. கொடி, ஒலிபெருக்கி, மிதிவண்டி இவற்றோடு ஊர் ஊராகத் தொண்டர்கள். 1991இல் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். 2007 சித்ர் புயலில் இறந்தவர் 3,400 அளவில். ஒவ்வோர் உயிரும் உயிர்தான். ஆனாலும் இந்த இறக்கம் மனித முயற்சியால் வந்தது. 1991இல் இறந்தோரில் பெண்கள் மிக அதிகம். காரணம் தேடியபோது, காப்பகங்களில் ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் இருக்க வேண்டியிருந்ததும், பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம் இல்லாததும், ஆடுமாட்டைத் தனியே விட்டுவர மனமில்லாததும் தெரிந்தன. எச்சரிக்கை செய்தியும் ஆடவர் கூடும் கடைவீதியோடு நின்றுவிட்டது. காற்றின் வேகத்தைக் கணிக்கத் தெரிந்தவர்கள் கழிப்பறைக் கதவை மறந்திருந்தார்கள். பிறகு தனி அறைகள் வந்தன. கால்நடைக்கு மேடை வந்தது. தொண்டர் படையில் இன்று ஏறத்தாழ பாதிப்பேர் பெண்கள். கேட்க வேண்டியவரைக் கேட்டதால் திருந்திய திட்டம் இது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். வலிந்து வரவில்லை, அதே இறால்தான் அழைத்து வருகிறது. 1990களில் நாகைக் கடலோரத்தில் நெல்வயல்கள் இறால் குட்டைகளாக மாறியதை இங்குள்ள மூத்தோர் நேரில் கண்டிருக்கிறீர்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறையல்லாத பண்ணைகளை அகற்றுமாறு ஆணையிட்டது. கிருஷ்ணம்மாள் அம்மையாரும் நிலமற்ற பெண்களும் அக்குட்டைகளின் கரையில் நடத்திய அறப்போர் அத்தீர்ப்புக்குப் பின்னே இருந்தது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, பண்ணைகளுக்குப் பதிவு முறையை ஏற்படுத்தியது. தீர்ப்பின் பல் பெரிதும் பிடுங்கப்பட்டது.

அதே கடைமடைக்கு இப்போது தகவமைப்பு வந்திருக்கிறது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு முதலிய வெண்ணாற்றுக் கிளைகளைச் சீரமைக்கும் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 10 கோடி டாலர் கடன் தர இசைந்தது. திட்டத்தின் பெயரிலேயே காலநிலைத் தகவமைப்பு என்ற சொல் இருக்கிறது. கரையை உயர்த்துதல், படுகையைச் செம்மைசெய்தல், மதகுகளைப் புதுப்பித்தல் ஆகியன அதன் வேலைகள். இவற்றுள் பல வேண்டியவை என்றே ஒரு பாசனத்துறைக்காரனாக நினைக்கிறேன். ஆனால் வண்டல் எங்கே போகும், வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர் பெயர் எந்த ஏட்டில் ஏறும், ஆற்றங்கரைப் புறம்போக்கில் குடிசையிட்டவர் எங்கே போவார் என்பவற்றை வரைபடத்திலிருந்து மட்டும் என்னால் அறிய இயலாது.

ஆகவே வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் ஒரு கூட்டத்தையேனும் இந்நகர அரங்கை விட்டு, வேதாரணியம் பக்கத்துக் கடைமடை ஊர் ஒன்றில் நடத்துவோம். அங்கே மதகுப் பலகையை ஏற்றி இறக்கும் லஸ்கர் ஒருவரையும், குத்தகைக்கு உழுபவர் ஒருவரையும், நடவுக்குப் போகும் பெண்கள் சிலரையும் முதலில் பேசச் செய்வோம். கவிதை வாசிப்பைப் பிற்பகலில் வைத்துக்கொள்ளலாம். நம்முள் அப்பக்கத்து ஊர்க்காரர் மூவர் இருக்கிறார்கள். தங்குவதற்கு இடம் கிடைக்கும். நாளை அமைப்பாளர்கள் முடிவு செய்யட்டும். ஐப்பசியானால் நல்லது. மழை பிடித்து வடிகால் நிறையும்போதுதான் எந்த மதகு திறக்கிறது, எது திறக்காமல் நிற்கிறது என்பதைக் கண்ணால் காண முடியும்.